ஓலைக்கு வெளியே நீண்ட கை

அந்தப் பெட்டியை அவர் முதலில் திறந்தபோது வளையல்காரரின் பெட்டிதான் என் நினைவுக்கு வந்தது. உள்ளே கறுப்பு வெல்வெட் துணி. அதில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய ஒரு கண்ணாடித் துண்டு. ஒரு மூலையில் கஞ்சித் தண்ணீரின் வெளுப்பு. அதற்கடுத்து வெளிர் மஞ்சள். பிறகு கோதுமை, தேன், பழம்புளி, வறுத்த காப்பிக்கொட்டை என்று கொஞ்சங்கொஞ்சமாகக் கறுத்துக்கொண்டே போய், எதிர்மூலையில் அடுப்புக்கரி. ஒவ்வொன்றின் முதுகிலும் ஓர் எண்.

ஜப்பான்காரர்கள் வந்த இரண்டாம் வருஷம் அது. மலாயாவில், ரெங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் மிஸ்ஸியாக இருந்தேன். நர்ஸை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஜொகூர் பாருவில் கன்னியாஸ்திரிகளிடம் படித்து, பிரசவமும் கட்டுப்போடுவதும் கற்றுக்கொண்டு வந்தவள். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த என் கணவரைச் சயாமில் ரயில் பாதை போடுவதற்கென்று லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அவரிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. ஆஸ்பத்திரியை நடத்திவந்த டிரஸ்ஸரையும் அதே லாரியில் கொண்டுபோய்விட்டதால் ஆஸ்பத்திரி என் தலையில் விழுந்தது. மருந்து அலமாரியில் இருந்தவை இரண்டு புட்டி ஸ்பிரிட், கொஞ்சம் பஞ்சு, காலிப் புட்டிகள். வீட்டில் நானும் என் மகளும் மட்டும்.

வந்தவர் ஜப்பான் டாக்டர். ஒல்லியானவர், கண்ணாடி போட்டவர், யாரையும் அறையாதவர். அறையாத ஜப்பான்காரரைப் பார்த்ததே எங்களுக்குப் புதிது. அவருடன் ஒரு மொழிபெயர்ப்பாளர் வந்தார். சிங்கப்பூர்த் தமிழர். ஜப்பானியப் பள்ளியில் சேர்ந்து சீக்கிரமே அந்த மொழியைப் பிடித்துக்கொண்டவர். நடு வகிடு, சலவைச் சட்டை. காலில் இன்னும் தேயாத தோல் செருப்பு. தோட்டத்தில் பாதிப்பேர் கோணிச்சாக்கைச் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில் அந்தச் செருப்பைத்தான் எல்லாரும் பார்த்தார்கள்.

"தெற்குத் தீவுகள்ல இருக்கிற எல்லா சனத்தோட தோலையும் டாக்டர் அளக்கிறாரு," என்று அவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அறிவித்தார். "தமிழன் எது, மலாய்க்காரன் எது, ஜாவாக்காரன் எது, சீனன் எது, எல்லாத்தையும் கலர் வச்சுப் பிரிச்சு எழுதப்போறாரு. பன்னண்டு வயசுக்கு மேல எல்லாரும் வரணும். வராதவங்களுக்கு ரேஷன் கிடையாது."

கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள்: "கலரப் பாத்துத்தான் தமிழன்னு தெரியணுமா? வாயத் தொறந்தா தெரியாதா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் மகளுக்கு வயது பதின்மூன்று.

அவள் நான் பெற்ற பிள்ளை அல்ல. ரெங்கம் போகும் சாலையில் ஒரு சீனக் கம்பம், சின்னக் கிராமம், இருந்தது. காய்கறித் தோட்டம் போட்டுப் பிழைத்தவர்கள். அங்கே ஒரு வீட்டுக்கு நான்தான் பிரசவம் பார்க்கப் போனேன். வரிசையாகப் பெண்கள் பிறந்த வீடு. பிறந்த நேரமும் சரியில்லை, இந்தப் பிள்ளை குடும்பத்துக்கு ஆகாது என்று அவர்களுடைய சாத்திரக்காரர் சொல்லிவிட்டார். எனக்கோ கல்யாணமாகி வெகு காலமாகியும் மடியில் பிள்ளை இல்லை. தொப்புள்கொடி உதிர்வதற்குள் அவளை எடுத்துக்கொண்டு வந்தேன். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் இது அபூர்வமல்ல. சீன வீட்டில் வேண்டாமென்ற பெண் குழந்தை எத்தனையோ தமிழ் வீடுகளில் வளர்ந்தது. மாதா கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்தோம். தலைக்கு எண்ணெய் வைத்து, இரட்டைப் பின்னல் போட்டு, பாவாடை கட்டிவிட்டேன். அவள் பேசிய முதல் வார்த்தை தமிழ். அவளைப் பெற்றவள் வாரா வாரம் கீரையும் வெள்ளரிக்காயும் கூடையில் எடுத்துக்கொண்டு, தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயத்துப் பக்கம் வருவாள். என் வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பிள்ளையைப் பார்ப்பாள். ஒருநாளும் தொட்டதில்லை.

ஜப்பான்காரர்கள் வந்த கொஞ்ச நாளில் அந்தக் கம்பம் ஒரு காலைப்பொழுதில் இல்லாமல் போயிற்று. துப்பாக்கிச் சத்தம் எங்கள் தோட்டம்வரை கேட்டது. மறுநாள் அந்தப் பக்கம் போன மாட்டுவண்டிக்காரர் திரும்பி வந்து வண்டிச் சக்கரத்தை இரண்டு நாள் கழுவினார். பிறகு ஓர் உத்தரவு வந்தது: எந்த வீட்டிலாவது சீனர் ஒளிந்திருந்தால், ஒளித்தவருக்கும் அதே கதி.

என் மகளை நான் ஒளித்து வைக்கவில்லை. வெட்ட வெளியில் விளையாடினாள். தோட்டத்தில் அவள் பிறப்பு தெரியாதவர் கிடையாது. 'வெள்ளச்சி' என்று கூப்பிடுவார்கள். பழகிப்போய் அதை ஒரு வார்த்தையாகவே நான் கேட்டதில்லை. வெல்வெட் துணியில் வரிசையாக இருந்த அந்தக் கண்ணாடிகளைப் பார்த்தபிறகுதான், என் கை எந்தக் குழியில் விழும், அவள் கை எந்தக் குழியில் விழும் என்று கண் தானாகத் தேடியது. நடுவில் பாதிப் பெட்டி இருந்தது.

டாக்டர் வேலை செய்யும் முறை இது. காலை பத்து மணிக்குமேல், வடக்கு வராந்தாவில், நேர் வெயில் படாத வெளிச்சத்தில் உட்காருவார். ஒவ்வொரு தடவையும் முதலில் தன் சட்டைக்கையைச் சுருட்டி, தன் கைமேலேயே ஒரு துண்டை வைத்துப் பார்த்து வெளிச்சம் சரிதானா என்று தெரிந்துகொள்வார். பிறகு வந்தவரின் கை. புறங்கையும் நெற்றியும் அவருக்கு முக்கியமில்லை. மேற்கையின் உட்பக்கம், அக்குளுக்குக் கீழே வெயில் காணாத இடம், அதுதான் ஆளின் சொந்த நிறம் என்பது அவர் கணக்கு. ஈரப் பஞ்சால் அந்த இடத்தைத் துடைத்துவிடுவது என் வேலை. முதல் நாள் ஒரு பெண்ணின் கையில் அழுக்கு போகவில்லையென்று அழுத்தித் தேய்த்துவிட்டேன். தோல் சிவந்துவிட்டது. டாக்டர் 'ச்சு' கொட்டினார்.

"தேய்ச்சா ரத்தம் மேல வந்து கலர் மாறிடுமாம். அளவு கெட்டுடும்கிறாரு. ஒத்தி எடுக்கணும், தேய்க்கக் கூடாது. படிச்சவங்கதானே மிஸ்ஸி நீங்க?" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

கண்ணாடியை வைத்ததும் டாக்டர் எண்ணைச் சொல்வார். பிறகு "நானி-ஜின்?" என்பார். எந்த இனம் என்று கேட்கிறார். மொழிபெயர்ப்பாளர் பதில் சொல்வார். இந்தோ-ஜின் என்றால் இந்தியர். மலாய்க்காரருக்கு மரை-ஜின். சீனருக்கு ஷினா-ஜின். அந்தச் சொற்களைக் கேட்டுக் கேட்டு எனக்கும் பாடமாகிவிட்டது.

அளக்க அளக்க டாக்டரின் நெற்றி சுருங்கியது. புல்வெட்டும் ஒரு பெண், முகம் கரிக்கட்டை மாதிரி இருப்பவள், கையைத் தூக்கினால் உட்பக்கம் கோதுமை. தன்னைச் சிவப்பென்று நினைத்துக்கொண்டிருந்த எங்கள் கங்காணி உள்ளே பழம்புளி.

"இருபது வருஷமா என்ன ஏமாத்திட்டாருடி," என்று அவர் மனைவி வரிசையில் நின்றபடியே சத்தம் போட்டாள். "செவத்த மாப்பிள்ளன்னுதான் எங்கப்பன் கட்டி வச்சான்!"

மலாய் லாரி டிரைவரும் கங்காணியும் ஒரே துண்டில் விழுந்தார்கள். மலையாளிக் கணக்கப்பிள்ளை ஒருவர், ஜப்பான்காரர் கொடுத்த அனுமதிக் கைப்பட்டையைக் கட்டிக்கொண்டு பங்களாவில் சமைத்த சீனச் சமையல்காரரைவிட வெளுப்பாக இருந்தார். டாக்டர் இருவரையும் திரும்பக் கூப்பிட்டு, பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, மறுபடி அளந்தார். அதே விடைதான் வந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வெகு நேரம் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சங்கடமாக இருந்தது எனக்கு மூச்சாக இருந்தது. நிறத்தை வைத்து மட்டும் அவளைச் சீனப்பெண் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நிறம் அவரைத் தலைதூக்கிப் பார்க்க வைக்கும். பார்த்தால் முகம் இருக்கிறது.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, நான் வரவேண்டாமென்று சொல்லியும் கேட்காமல், அவித்த மரவள்ளிக்கிழங்கைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு மகள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். டாக்டர் பின்பக்கம் கண்ணாடித் துண்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். மொழிபெயர்ப்பாளர் வராந்தாத் தூணில் சாய்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்.

"யாரு மிஸ்ஸி இது?"

"என் மக."

"உங்க மகளா?" அவர் கண் என் கைக்குப் போயிற்று. அங்கிருந்து அவள் முகத்துக்குப் போயிற்று. "நல்ல கலரு."

"அவங்க அப்பா கலரு," என்றேன்.

"அப்பா எங்க?"

"சயாம்ல."

சிகரெட்டைப் புதுச் செருப்பால் நசுக்கினார். அன்று முழுவதும் அவர் வாய் திறந்து டாக்டரிடம் பேசும்போதெல்லாம் அவர் உதட்டையே பார்த்தேன். என்ன பேசினார் என்று எனக்கு எப்படித் தெரியும்? எண்ணும் இனமும் தவிர அந்த மொழியில் எனக்கு ஒரு சொல்லும் தெரியாது.

பெண்கள் குழாயடியில் கூடினார்கள். யாரும் கூட்டவில்லை, தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் குடத்தை இறக்கிவிட்டு நின்றார்கள்.

"வெயில்ல போட்டுக் கருக்கிடலாம்லா," என்றாள் ஒருத்தி.

அதை ஏற்கெனவே செய்து பார்த்திருந்தேன். இரண்டு நாள் மரவள்ளிக்காட்டில் நிறுத்தினேன். மற்றவர்கள் கறுக்கிற வெயிலில் அவள் இறால் மாதிரி சிவந்து, மூக்குத் தோல் உரிந்து, முன்னைவிட அதிகமாகக் கண்ணில் பட்டாள். அதோடு அவர் பார்ப்பது வெயில் படாத இடம்.

"தொரைக்குப் பொறந்ததுன்னு சொல்லிடுங்க மிஸ்ஸி. கலருக்குப் பதில் சொன்ன மாதிரி ஆச்சு."

"அலமாக்! வெள்ளக்காரன் புள்ளன்னா மட்டும் மடியில வச்சுக் கொஞ்சுவானா? அதுக்கும் அதே வெட்டுதான்."

"மிஸ்ஸி மானத்தையும் சேர்த்து வாங்கப் பாக்குறா பாரு இவ."

கங்காணி மனைவி குடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை இல்லாத வாயைச் சும்மா மென்றுகொண்டிருந்தாள். "குச்சு கட்டிடுவோம்," என்றாள்.

பெண் பெரியவளானால் லயத்துக்கு ஓரமாகப் பச்சைத் தென்னோலையில் ஒரு குச்சு கட்டி, உள்ளே உட்கார வைப்பார்கள். தண்ணீர் ஊற்றி முடியும்வரை வெளியே வரக்கூடாது. ஆண் கண் படக்கூடாது. நான் வேதக்காரி, படித்தவள். ஈர ஓலைக்குள் பிள்ளையை உட்கார வைத்தால் சளிதான் பிடிக்கும் என்று இதே குழாயடியில் எத்தனை தடவை இவர்களைத் திட்டியிருக்கிறேன்.

"நான் இன்னும் ஆகலையே!" என்றாள் என் மகள்.

"ஆவுற வரைக்கும் ஜப்பான்காரன் காத்திருக்க மாட்டான்டி. நீ முன்னாடியே ஆயிடு."

அன்று சாயங்காலமே கங்காணி தென்னை மரத்தில் ஆள் ஏற்றி ஓலை வெட்டினார். தாய்மாமன்தான் ஓலை கட்டவேண்டும். எனக்குக் கூடப்பிறந்தவர் யாரும் இந்த ஊரில் இல்லை. "நான் மாமன்," என்று அவரே சொல்லிக்கொண்டு கட்டினார். ஒரே ஒரு வாசல், குனிந்து நுழைகிற உயரத்தில். அதையும் ஓலையால் மறைத்தார்கள். நான் எல்லாரிடமும் கெஞ்சிச் சொன்னேன்: சத்தம் வேண்டாம். விளக்கு வேண்டாம், சீர் வேண்டாம். அளந்து முடித்து லாரி போகும்வரை இவள் உள்ளே இருந்தால் போதும். கடைசியாக அளக்கப்போவது எங்கள் லயம்.

அந்தக் கடைசி நாள் காலையில் என் மகளின் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் முன்னால் போய்க் குனிந்து நின்று மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னேன்: "பெரியவளாயிட்டா. குச்சுல இருக்கா. வெளிய வரக்கூடாதுங்க."

அவர் என்னைப் பார்த்தார். உதட்டின் ஒரு மூலை மட்டும் அசைந்தது. டாக்டரிடம் திரும்பிப் பேசினார். டாக்டர் ஆர்வமாகத் தலையாட்டினார், ஏதோ எழுதிக்கொண்டார், அடுத்த பெயரைக் கூப்பிடச் சொன்னார். பஞ்சை நனைக்கிற சாக்கில் சுவரைப் பிடித்துக்கொண்டேன். வரிசை முடியப்போகிற நேரம் லாரி டிரைவர் மேசைகளை ஏற்ற ஆரம்பித்திருந்தார். முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அப்போது லயத்துப் பக்கமிருந்து குலவை எழுந்தது.

ஒருத்தி அல்ல. இருபது முப்பது பெண்கள் நாக்கைச் சுழற்றிப் போட்ட குலவை. தோட்டத்தில் வெகு காலமாகக் கேட்காத சத்தம். தகர டப்பாவைத் தட்டுகிற சத்தமும் கூடவே வந்தது. டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். கேட்டார். மொழிபெயர்ப்பாளர் சொன்னார். டாக்டர் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். எனக்கும் கை காட்டினார். ஸ்பிரிட் புட்டியையும் பஞ்சையும் எடுத்துக்கொண்டு நான் பின்னால் ஓடினேன்.

பிற்பாடு கங்காணி மனைவியிடம் கேட்டேன், ஏன் இப்படிச் செய்தாய் அக்கா என்று. அவள் அழுதாள். "மஞ்சத்தண்ணி ஊத்துறப்போ கொலவ போடலன்னா பொண்ணுக்கு ஆகாது மிஸ்ஸி. பொய்க்குப் பண்ணாலும் முறையாப் பண்ணணும்ல? நாளைக்கு அவளுக்குப் புள்ள பொறக்கலன்னா யாரு பதில் சொல்றது?" அவளை நான் திட்டவில்லை. என் மகளுக்குப் பிள்ளை பிறக்கும் நாள் ஒன்று இருக்கிறது என்று அந்த வருஷத்தில் நம்பியவள் அவள் ஒருத்திதான்.

டாக்டர் வருவதைப் பார்த்ததும் குலவை பாதியில் நின்றது. பெண்கள் குச்சுக்கு முன்னால் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். மண்ணெல்லாம் மஞ்சள் தண்ணீர். கங்காணி மனைவி கையில் சொம்பு. ரேஷன் அரிசிக்கே வழியில்லாத காலத்தில் அத்தனை மஞ்சளை எங்கிருந்து எடுத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆளுக்கொரு துண்டு வீட்டில் ஒளித்து வைத்திருந்தார்கள் போலிருக்கிறது.

டாக்டர் வாசல் ஓலையை நோக்கிக் கையை நீட்டினார்.

"ஆம்பள பாக்கக் கூடாது!" கங்காணி மனைவி குறுக்கே நின்றாள். ஜப்பான்காரரின் குறுக்கே நின்றவர்களுக்கு என்ன நடக்கும் என்று தெரிந்தும் நின்றாள்.

மொழிபெயர்ப்பாளர் ஏதோ சொன்னார். நீளமாகச் சொன்னார். டாக்டர் யோசித்தார். கையை இறக்கிக்கொண்டார். பிறகு தன் சட்டைக்கையைச் சுருட்டினார்.

"கைய மட்டும் வெளிய நீட்டச் சொல்லுங்க," என்றார் மொழிபெயர்ப்பாளர். "முகத்தப் பாக்கல. முறைய மதிக்கிறாராம்."

வேறு பெண்ணின் கையை நீட்டியிருக்கலாமே என்று இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் கேட்கிறார்கள். குச்சுக்கு ஒரே வாசல். அந்த வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். உள்ளே அவள் மட்டும் இருந்தாள்.

ஓலை சலசலத்தது. என் மகளின் கை வெளியே வந்தது.

தோள்வரை மஞ்சள். விரல் நகத்துக்குள் மஞ்சள். வளையல் போட்டிருந்தாள், கங்காணி மனைவியின் பித்தளை வளையல். கை நடுங்கியது. டாக்டர் முட்டிபோட்டு உட்கார்ந்து ஒரு துண்டை வைத்தார். எடுத்தார். இன்னொன்று வைத்தார். மூன்றாவது. எதுவும் ஒட்டவில்லை. அந்தப் பெட்டியில் அத்தனை மஞ்சள் கிடையாது. தலையை ஆட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பி, கையிலிருந்த ஸ்பிரிட் புட்டியைக் காட்டினார்.

"தொடச்சு எடுங்க மிஸ்ஸி," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

தண்ணீரில் மஞ்சள் போகாது. ஸ்பிரிட்டில் போகும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பஞ்சை நனைத்தேன். அவள் கையைப் பிடித்துத் திருப்பினேன். நான்தான் பிடித்திருக்கிறேன் என்று தெரிந்ததும் நடுக்கம் கொஞ்சம் நின்றது. அதுதான் என்னை உடைத்தது. முதல் இழுப்பிலேயே பஞ்சு மஞ்சளாகி, அடியில் அவள் தோல் தெரிந்தது. கஞ்சித் தண்ணீர் பக்கத்து நிறம். நான் அவளைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்த நாளின் நிறம்.

ஒத்தி எடுக்கச் சொல்லியிருந்தார். நான் தேய்த்தேன்.

பஞ்சை விரலில் சுற்றி, பாத்திரத்தின் அடிப்பிடித்ததைத் தேய்க்கிற மாதிரி, ஒரே இடத்தில் தேய்த்தேன். உள்ளே அவள் "அம்மா" என்றாள். மெதுவாக. நான் நிறுத்தவில்லை. மறுபடியும் நனைத்துத் தேய்த்தேன். தோல் ரோஜாவாகி, சிவந்து, சில இடத்தில் பொடிப்பொடியாக ரத்தம் கண்டது. ஸ்பிரிட் அதில் பட்டபோது கையை வெடுக்கென்று இழுத்தாள். நான் விடவில்லை. டாக்டர் என்னவோ கத்தி என் மணிக்கட்டைப் பிடித்த பிறகுதான் நிறுத்தினேன்.

கண்ணாடித் துண்டை வைத்துப் பார்த்தார். நடுவில் சிவப்பு. ஓரமெல்லாம் மஞ்சள். இரண்டுக்கும் இடையே நூல்போல் ஒரு வளையம் மட்டும் அவள் நிறம். அந்த வளையத்தின்மேல் வெளிர்த் துண்டு ஒன்றை வைத்தார். எடுத்துத் தன் கையின் உட்பக்கத்தில் வைத்தார். மறுபடி அவள் கையில். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கைக்கும் அந்தத் துண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அவர் ஓலையை நிமிர்ந்து பார்த்தார். ஓலை இடுக்கில் ஒன்றும் தெரியவில்லை.

"நானி-ஜின்?"

அந்தக் கேள்வி எனக்குப் புரிந்தது. பெண்களுக்கும் புரிந்தது, ஒரு வாரமாகக் கேட்டவர்கள்தானே. மொழிபெயர்ப்பாளர் திரும்புவதற்குள் பதில்கள் வந்து விழுந்தன.

"எங்க அண்ணன் மக!"

"என் தங்கச்சி பொண்ணுங்க!"

"எங்க சாதிதான், வேற என்ன?"

"நான் தூக்கி வளத்த புள்ள!"

நான்கு பேர் நான்கு விதமாகச் சொன்னார்கள். நான்கும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது. தமிழ் தெரிந்த யாருக்கும் அதற்குமேல் விளக்கம் வேண்டாம். மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசியில் என்னை. அவர் என் மகளின் முகத்தைப் பார்த்தவர். அவர் வாயிலிருந்து வரப்போவது மூன்று சொற்களில் ஒன்று. நான் மாதாவைக் கூப்பிட்டேனா, கங்காணி மனைவியின் மாரியம்மனைக் கூப்பிட்டேனா, நினைவில்லை.

"இந்தோ-ஜின்," என்றார் அவர்.

அவ்வளவுதான். டாக்டர் கொஞ்ச நேரம் அந்த வெளிர்த் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நம்பினாரா, நம்பவில்லையா, எனக்குத் தெரியாது. பிறகு அதைத் துணியில் துடைத்து அதன் குழியில் வைத்து, பெட்டியை மூடினார். என்னைப் பார்த்து, கோபமாகவும் இல்லாமல் சாந்தமாகவும் இல்லாமல், நாலு வார்த்தை சொன்னார்.

"மஞ்சளும் ரத்தமும் கலந்து அளவு கெட்டுப்போச்சாம். இந்தப் பொண்ணு கணக்குல வேணாம்கிறாரு," என்றார் மொழிபெயர்ப்பாளர். "நல்ல நர்ஸு இல்ல நீங்கன்னும் சொல்றாரு."

நான் இடுப்பு வளையக் குனிந்து வணங்கினேன். நிமிர்ந்தபோது டாக்டர் லாரியை நோக்கி நடந்துகொண்டிருந்தார். மொழிபெயர்ப்பாளர் பின்தங்கி, மஞ்சள் சேற்றில் நனைந்த செருப்பை ஓலை நறுக்கில் துடைத்தார். குனிந்தபடியே சொன்னார்: "கொலவைக்கு என்ன அவசரம்? லாரி போனப்புறம் போட்டிருக்கலாம்ல."

அதற்குப் பிறகு அவரை நான் பார்த்ததில்லை. யுத்தம் முடிந்ததும் ஜப்பான்காரர்களுக்கு வேலை செய்தவர்களைச் சிங்கப்பூரில் தேடித் தேடி அடித்தார்கள் என்று கேள்விப்பட்டபோது அந்தச் செருப்புதான் கண்முன் வந்தது.

மகளைக் குச்சிலிருந்து வெளியே கூப்பிட்டபோது அவள் வரமாட்டேன் என்றாள். நானே குனிந்து உள்ளே போனேன். கையை மடியில் வைத்து ஊதிக்கொண்டிருந்தாள். "நீ ஏம்மா அப்படித் தேய்ச்ச?" என்றாள். அந்தக் கையை வாங்கி நானும் ஊதினேன். கங்காணி மனைவி வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, "அழுவாதடி, ஒனக்கு இன்னொரு சடங்கு பாக்கி இருக்கு. ஊர்லயே ரெண்டு தடவ பெரியவளாவப் போறவ நீதான்," என்றாள். அப்படியேதான் ஆயிற்று. அடுத்த வருஷம் உண்மையாகவே ஆனபோது, எல்லாம் முறையாகப் போன தடவையே செய்தாகிவிட்டது என்று தலைக்குத் தண்ணீர் மட்டும் ஊற்றினார்கள். குலவையும் அன்று போட்டதே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

புண் சீழ் பிடித்தது. ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. வேப்பிலை கட்டினேன், உப்புத் தண்ணீரில் கழுவினேன். ஆறுவதற்கு வெகு நாள் பிடித்தது. ஆறியபோது அந்த இடம் மட்டும் கறுத்துவிட்டது. பழம்புளி நிறம். என் நிறம் என்றே சொல்லலாம். நர்ஸாக இருப்பதால் எனக்குத் தெரியும், காயம்பட்ட தோல் சில சமயம் அப்படிக் கறுக்கும், வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

என் கணவர் திரும்பவில்லை. மகள் இப்போது ஜொகூர் பாருவில் நர்ஸ் பயிற்சியில் இருக்கிறாள். லீவுக்கு வந்து திரும்பும்போதெல்லாம் நானும் பஸ்ஸில் கூடப் போகிறேன். வேண்டாம் என்பாள். போகாமல் என்னால் இருக்க முடியாது. இது இன்னொரு காலம். காட்டில் கம்யூனிஸ்டுகள் இருக்கிறார்கள் என்று பஸ்ஸை நிறுத்திச் சோதிக்கிறார்கள். சீன முகம் என்றால் கூடுதலாக நிறுத்துகிறார்கள்.

போன மாதம் ரெங்கத்தைத் தாண்டியதும் நிறுத்தினார்கள். இளவயது மலாய்ப் போலீஸ்காரர். என் மகளின் அடையாள அட்டையை வாங்கிப் பெயரைப் படித்தார். முகத்தைப் பார்த்தார். மறுபடி பெயரைப் படித்தார். அவள் புடவையில் இருந்தாள், பின்னலில் கனகாம்பரம். அவள் பதற்றமே இல்லாமல் ஜன்னல் பக்கம் காற்று வாங்கிக்கொண்டிருந்தாள். என்னையறியாமல் அவள் மேற்கையை, அந்தக் கறுத்த இடத்தை, ரவிக்கையோடு சேர்த்து இறுகப் பிடித்திருந்தேன்.

"இது யார் பிள்ளை?" என்று அவர் மலாயில் கேட்டார். மிரட்டலாகக்கூட இல்லை. சும்மா கேட்டார்.

எனக்கு மலாய் நன்றாகவே தெரியும். ஆனாலும் எழுந்து நின்று தமிழில்தான் கத்தினேன்.

"என் மக! இது என் மக!"

பஸ் முழுவதும் திரும்பியது. போலீஸ்காரர் ஓரடி பின்வாங்கி, அட்டையை அவசரமாக நீட்டினார். மகள் அதை வாங்கிக்கொண்டு என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காரும்மா," என்றாள். "அவருக்குக் கேட்டுடுச்சு. கைய விடு, வலிக்குது."